வேளாங்கண்ணியில் கட்டிய தொட்டில்

குறுவை அறுப்பு முடிந்ததும், பிள்ளை வரம் கேட்டு வேளாங்கண்ணிக்குப் போய், மாதா கோயில் மரத்தில் தொட்டில் கட்டினேன். கண்ணீர் நிற்கவில்லை. சுற்றுலா வந்த ஒரு பெண், "அப்படியே இருங்கக்கா, ஒரு போட்டோ எடுத்துக்குறேன்" என்றாள். நல்ல பெண்ணாகத் தெரியவே தலையாட்டிவிட்டேன்.

அந்தப் படம் ஒரு டிராவல்ஸ் விளம்பரமாகி எல்லார் செல்போனிலும் சுற்றியது. 'நம்பிக்கையின் அழகைக் காண வாருங்கள்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

நாத்தனார் வளைகாப்பில் நான் சந்தனம் பூசி வளையல் போட எழுந்தபோது, அவள் புகுந்த வீட்டு அம்மாள் ஒருவர், "தொட்டில் கட்டி அழுவுற பொண்ணு இதுதானே?" என்றார். மாமியார் என் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

இப்போதும் மாதாவிடம் போகிறேன். யாராவது செல்போனைத் தூக்கினால், திருடி அகப்பட்டவள் மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறேன்.