கொடி இறக்கி வந்த ஐந்து படகுகள்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், ஆனால் ஜெரிசனிடம் போய் வாய் கொடுக்க வேண்டாம். அவன் மணற்காட்டுக் கரையில் தொழில் செய்கிறவன். திருவிழா நாடகத்தில் பேயாக வந்தவனை மேடையிலேயே காலைப் பிடித்து இழுத்து விழுத்திய ஆள். பேய்க்குப் பயந்த பிறவி இல்லை. போன வைகாசிக்குப் பிறகு அந்தி சாய்ந்தால் அவன் கடற்கரைப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் குடும்பக் கதை கொஞ்சம். ஜெரிசனின் அண்ணன் யூட்சன், போராளி இயக்கத்தின் கடற்படகுகளில் இருந்தவன். சண்டையின் கடைசி நாட்களில், மிஞ்சிய ஐந்து படகுகளும் சரணடையப் புறப்பட்டன என்று மட்டும் கேள்வி. எந்தக் கரைக்கு வந்தன, யாரை நம்பி வந்தன, வந்த ஆட்கள் எங்கே... ஒன்றும் தெரியாது.

தாய் மக்டலீன் பதினாறு வருசமாக மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறாள். ஒவ்வொரு முறையும் துணைக்குப் போகிறவர் அவளுடைய சொந்த அண்ணன் சிமியோன். பெடியன் உயிரோடுதான் இருக்கிறானாம், யாரோ முகாமில் கண்டார்களாம் என்று வருசத்துக்கு ஒரு தடவை எங்கிருந்தோ கேட்டு வந்து சொல்வார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மக்டலீன் மகனுக்கு இறந்தோர் பூசை கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது பூசை கொடுப்பார்களா?

சிமியோனின் மகன் அலோசியஸும் யூட்சனோடு ஒரே படகில் இருந்தவன். ஆனால் சண்டை முடிய முன்பே தப்பிக் கப்பல் ஏறிவிட்டான் என்று தகப்பன் சொன்னார். நோர்வேயில் இருந்தான். கொடுத்து வைத்தவன் என்று ஊர் சொன்னது.

அன்று வியாழக்கிழமை. ஜெரிசன் தனியாக வலை பார்க்கப் போய்விட்டுத் திரும்பும்போது படகின் இயந்திரம் நின்றுவிட்டது. என்ன செய்தும் மூச்சு விடவில்லை. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போய், மாலை ஆறு பத்துக்கு ஆளில்லாத ஒரு கரையில் தட்டியது. அங்கே இறங்காதே, அடியில் கல் கிடக்கிறது என்று மாமா சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்த கரை. இறங்கிப் பார்த்தான். கல் ஒன்றும் இல்லை. நல்ல மணல்.

கூட்டாளி தம்பிராசாவுக்குப் போன் எடுத்தான். படகோடு வருகிறேன், நில் என்றான் அவன். ஜெரிசன் மணலில் குந்தினான்.

அப்போதுதான் கவனித்தான். ஒரு நண்டுகூட ஓடவில்லை. காகம் இல்லை. அலை கரையில் விழுந்து உடைகிறது... சத்தம் மட்டும் இல்லை.

ஆறு இருபத்தைந்து.

சளக்... சளக்... சளக்...

துடுப்புச் சத்தம்.

ஐந்து படகுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி. தொழிலுக்குப் போன படகுகள் அப்படி வராது. மீனை விற்க அவனவன் முந்திக்கொண்டுதான் வருவான். விளக்கு இல்லை. கொடிக்கம்பங்களில் கொடி இல்லை. ஒவ்வொன்றிலும் பாதி உயரத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. காற்று பலமாக வீசியது. துணி அசையவில்லை.

ஜெரிசன் எழுந்தான். தூரத்தில் பார்த்தால் சிமியோன்தான் நிற்கிறார் என்பார்கள். தோளும் நடையும் அப்படியே மாமாவைக் கொண்டு பிறந்தவன்.

முதல் படகு கிட்ட வந்தது.

"மாமா, பிடியுங்கோ."

கயிறு பறந்து வந்தது.

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கயிறு எறிந்தால் கை தானாகவே பிடிக்கும். பிடித்தவன் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். படகில் இருப்பவன் கணக்குச் சொல்ல வேண்டும். அத்தனை பேரும் கரையில் கால் வைக்கும்வரை பிடித்தவன் கயிற்றை விடமாட்டான். அந்தக் கரையில் அதுதான் வழக்கம்.

"எத்தினை பேர்?"

கேட்ட பிறகுதான் கையைப் பார்த்தான். கடலிலிருந்து வந்த கயிறு... காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நிமிர்ந்தான். படகில் இருந்த எல்லாரும் இரண்டு கைகளையும் தலையில் வைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் துடுப்புப் போட்டது யார்?

கயிறு எறிந்தது யார்?

"எட்டுப் பேர், மாமா. நீங்கள் சொன்ன மாதிரிக் கொடியை இறக்கிப்போட்டு வந்தனாங்கள். மச்சான் ஒருத்தன்தான் குறைஞ்சவன். இண்டைக்கு அவனும் வந்திட்டான்."

அண்ணையின் குரல்.

ஒருவன் மட்டும் தடித்த குளிர்ச்சட்டை போட்டிருந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணை..." என்றான் ஜெரிசன்.

எட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

கயிறு இறுகியது.

இழுத்தது...

முழங்கால் வரை தண்ணீர்... இடுப்பு வரை...

விட்டான்.

ஆறு முப்பத்திரண்டு. தம்பிராசா வந்து சேர்ந்தபோது ஜெரிசன் மணலில் முகம் புதைத்துக் கிடந்தான். கடலில் ஒரு படகும் இல்லை. அவனுடைய உள்ளங்கைகள் இரண்டும் உரிந்திருந்தன.

விடிந்ததும் மாமா வீட்டுக்குப் போனான். வாசலில் சனம். நோர்வேயிலிருந்து செய்தி வந்திருந்தது. அலோசியஸ் முந்தின நாள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே சரிந்து செத்துப்போனானாம். அங்கே பிற்பகல் மூன்று மணி. இங்கே ஆறரை.

ஜெரிசன் மாமாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னான். சிமியோன் மறுக்கவில்லை. சண்டையின் கடைசியில் வோக்கிடோக்கியில் கதைத்து அவர்களை அந்தக் கரைக்கு வரச் சொன்னது அவர்தான். நானே நின்று கயிறு பிடிப்பேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். அதை நம்பித்தான் ஐந்து படகுகளும் வந்தன.

"ஆமிக்காரர் என்ரை மகனை மட்டும் தாறம் எண்டவங்கள். குடுத்தவங்கள்."

"அப்ப அண்ணை?"

"மாமா, மாமா எண்டு கூப்பிட்டவன். நான் கயித்தை விட்டிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்திட்டன்."

மகனைப் பறிகொடுத்த மனிதரை அடிக்கக் கை ஓங்கவில்லை. மாமாவின் கையைப் பார்த்தான். அம்மாவோடு வெயிலில் நின்று, அண்ணையின் படத்துக்குக் குடை பிடித்த கை அது. உயிரோடு இருக்கிறான் என்று பதினாறு வருசம் கூசாமல் சொன்ன வாய் அது. படகுகளைக் கண்டபோது வராத நடுக்கம் அந்தக் கிணற்றடியில்தான் வந்தது என்பான் ஜெரிசன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். அழுவாள், தமையனைத் திட்டித் தீர்ப்பாள், இனியாவது பூசைக்கு ஒழுங்கு செய் என்பாள் என்று நினைத்தான். ஆனால் மக்டலீன் அவனுடைய கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்து, உரிந்த தோலை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது கொண்ணன் எறிஞ்ச கயிறோ?"

"ஓம், அம்மா."

"அப்ப நீயும் ஏன் விட்டனீ?"