இரும்பு நாற்காலியில் நான் சொன்ன வெள்ளம்

பாகூரில் ஒரு பழைய நெல் கிடங்கில் சனிக்கிழமை தோறும் ஊர் வரலாற்றைக் கதையாகச் சொல்லும் மாலைகள் நடந்தன. மொத்தம் நாற்பத்தாறு. நான் போகாமல் விட்டது இரண்டு. ஒன்று காய்ச்சலால், மற்றொன்று பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டதால். இப்போது அந்தக் கிடங்கில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மணி பார்க்கக் கை தானாகக் கடிகாரத்தைத் திருப்புகிறது.

ஐந்தரைக்குத் தொடங்கும் என்பார்கள். ஒரு நாளும் ஐந்தரைக்குத் தொடங்கியதில்லை. மின்விசிறி மூன்று, அதில் ஒன்று சுற்றாது. அதன் கீழேதான் எனக்கு இடம் கிடைக்கும். இதையெல்லாம் அப்போது வாராவாரம் புகார் சொன்னேன். இன்று புகார் சொல்ல இடம் இல்லாததுதான் குறையாக இருக்கிறது. மணப்பட்டிலிருந்து ஒரு மீன்கார அம்மா வருவார். அவருடைய புயல் கதை பாதியில் இருக்கும்போதே எழுந்து, "மீதிய அடுத்த வாரம் சொல்றேன், பஸ்சு பூடும்" என்று கூடையோடு ஓடுவார். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அந்தப் புயல் கடைசிவரை கரையைக் கடக்கவே இல்லை.

கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பாய்தான் எல்லாவற்றையும் நடத்தினார். இரண்டாவது வாரமே, பிரெஞ்சுக்காரன் காலத்தில் எல்லைச் சாவடி எங்கே இருந்தது என்று இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துவிட்டார்கள். இருவருமே பிரெஞ்சுக்காரன் போன பிறகு பிறந்தவர்கள். மூன்றாவது வாரம் பாய் முன்னால் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒன்று இரும்பு மடக்கு நாற்காலி, மற்றொன்று சிவப்பு பிளாஸ்டிக்.

"கண்ணால பாத்தத சொல்றவரு இரும்புல குந்துங்க. காதால கேட்டத சொல்றவரு பிளாஸ்டிக்ல குந்துங்க. ரெண்டும் நல்ல கதைதான். ஆனா கலக்காதீங்கப்பா. நான் கடையில எதையாவது கலக்குறனா?"

"எப்பத்துலேந்து பாய்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. முதலில் சிரித்தவர் பாய்தான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. இரும்பு நாற்காலி முதுகை அறுக்கும். அதில் உட்கார்ந்தவர்கள் சுருக்கமாக முடித்தார்கள். பிளாஸ்டிக்கில் உட்கார்ந்தவர்களை எழுப்பத்தான் பாடுபட வேண்டும்.

முப்பத்தோராவது வாரம் என் முறை வந்தது. பாகூர் ஏரி வெள்ளத்தைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வெள்ளம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த இளம் வாத்தியார். யோசிக்காமல் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதையும், மதகு பார்த்துக்கொண்ட ஆள் பயந்துபோய்ப் பலகையை முழுக்கத் தூக்கிவிட்டு ஓடியதையும், கிழக்கு வயல்கள் முழுகியதையும் சொன்னேன். "பலகையைத் தூக்கும் திருகை இருபத்திரண்டு சுற்று சுற்றினான்" என்று முடித்தேன். கை தட்டினார்கள். ஊருக்கே தெரிந்த கதைதான்; ஆனால் சுற்றை எண்ணிச் சொன்னவன் நான் ஒருவன்தான்.

ஐந்தாவது வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தார். மதகு பார்த்துக்கொண்டவரின் மகள். என்னிடம் படித்தவர், இப்போது அறுபதைத் தாண்டியவர்.

"சார், எங்க நின்னு எண்ணுனீங்க?"

"கரை மேலதாம்மா."

"அந்த வாரம் எங்களுக்குக் கணக்கு கிளாசே நடக்கல சார். நீங்க பாண்டிக்கு டிரெயினிங் போயிட்டீங்க. நாங்கல்லாம் குஷியா இருந்தோம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது." பிறகு சொன்னார்: "எங்க அப்பா செத்த அன்னிக்கும் பாடையாண்ட நின்னு ஒரு ஆளு, மதகத் தொறந்துட்டு ஓடுனவன்னு சொன்னான் சார். இங்க வந்தாவது யாராவது மாத்திச் சொல்வாங்களான்னுதான் முப்பது வாரமா வந்து குந்தினு கெடக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் கணக்கு தப்பாது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து அந்த வருட டைரியை எடுத்தேன். ஒன்பது நாள் பயிற்சி. சாலை முழுகியதால் மேலும் இரண்டு நாள் புதுச்சேரியிலேயே தங்கல். நான் ஊர் திரும்பியபோது வயலில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. மதகுக்காரர் ஓடினார் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் அந்த இருபத்திரண்டு? அடுத்த கோடையில், ஏரி வற்றிக் கிடந்தபோது, ஒரு மாலை பொழுது போகாமல் மதகடிக்குப் போய்ப் பலகையைக் கீழிருந்து மேல்வரை நானே திருகிப் பார்த்திருக்கிறேன். டைரியில் அதுவும் இருந்தது. சரியாக இருபத்திரண்டு. பிறர் சொன்ன கதையோடு நான் எண்ணிய எண் எப்போது ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. எண் உண்மை என்பதால் கதையும் நான் பார்த்ததாகவே ஆகிவிட்டது. எத்தனை கல்யாணப் பந்தியில், எத்தனை டீக்கடையில் இதைச் சொல்லியிருப்பேன் என்று அன்று எண்ணப் பார்த்தேன். முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டைரியில் இருந்ததை அப்படியே படித்தேன். "இதச் சொல்ல ஒரு வாரம் ஆச்சா வாத்தியாரே?" என்றார் பாய், மெல்லத்தான். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, இரும்பு நாற்காலியைக் கையால் துடைத்துவிட்டார்.

அந்த அம்மாள் உட்கார்ந்தார். சொன்னது கொஞ்சம்தான். பாசனத்துக்காக நாலு நாள் முன்பே மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். மழை கொட்டியதும் அப்பா அதை மூடப் போனார். அடித்துவந்த மரக்கிளை ஒன்று பலகைக்கு அடியில் சிக்கி, பலகை இறங்கவில்லை. அப்பா உள்ளே இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று கிளையை வெட்டினார். காலையில் இறங்கியவர் மாலையில்தான் வேலையை முடித்து ஏறினார். நடுவில் ஒருமுறை மட்டும் கடப்பாரை கேட்க ஊருக்குள் ஓடினார். அதைத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள். "நான் தூக்குல சோறு எடுத்துனு போயி கரை மேல நின்னுனு இருந்தேன்" என்றார்.

முன் வரிசையில் ஒரு பெரிய விவசாயி இருந்தார். கிழக்கே அவர்கள் குடும்பத்துக்கு ஆறு காணி முழுகியது. தன் மகளை மதகுக்காரன் வீட்டுப் பக்கம் விளையாடக்கூட விடாதவர் அவருடைய தகப்பனார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். எதிர்த்துப் பேசுவார் என்று நான் பயந்தேன்.

"ஏம்மா, உங்க அப்பாரு அன்னிக்கு அந்தச் சோத்தத் துன்னாரா?" என்று கேட்டார்.

"எங்க? கை ரெண்டும் வெறச்சிப் போயிருந்துச்சு. புடிக்க வரல. நான்தான் ஊட்டி வுட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்த அம்மாளிடம் கேட்கத் தொடங்கினார்கள்: என்ன குழம்பு, மழை எத்தனை மணிக்கு விட்டது, கிளை என்ன மரம். எல்லாவற்றுக்கும் அவர் பதில் சொன்னார். அன்று மணப்பட்டு மீன்கார அம்மா பஸ்சை விட்டுவிட்டார்.