அக்காவின் சிவப்புச் சீட்டுகள்

அந்த வரி ஆலோசகர் அலுவலகத்தின் மாடிப்படியை முதன்முதலாக ஏறியபோது என் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. உறைக்குள் என் பட்டச் சான்றிதழ். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அப்பாவுக்குத் தன் பெயரின் முதல் மூன்று எழுத்துதான் எழுதவரும். நாலாவது எழுத்துக்குப் பதிலாக ஒரு கோடு இழுத்துவிடுவார். அதனால் அந்த உறையை நான் பைக்குள் போடவில்லை. பஸ் கூட்டத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தேன்.

முன்மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். வலது கை சாப்பாட்டு டப்பாவில். இடது கை, செங்கல் கனமுள்ள ஒரு வரிச் சட்டப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தது. புத்தகத்தின் ஓரமெல்லாம் வண்ண வண்ணமாகச் சீட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. போனை எடுக்கிறவருக்குச் சட்டப் புத்தகம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்:

"முதலாளியைப் பார்க்கணும். பட்டதாரி வந்திருக்கேன்னு சொல்லுங்க."

போனைப் பொத்திக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பட்டதாரி சார், முதல்ல கதவைச் சாத்துங்க. ஏசி வெளிய போகுது."

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் என் பெயர் பட்டதாரி. அவர் பெயர் சீட்டக்கா. இரண்டு பெயரையும் ஊர்ஜிதம் செய்தவர், பழைய ஃபைல்களைக் கட்டிக் காக்கும் ஃபைல் மாமா. ஓய்வுபெற ஐந்து வருஷம் இருந்த அவருக்கு, யாரையாவது சீண்டாவிட்டால் டீ இறங்காது.

அக்காவின் கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. கல்யாணம். கணவர் நகரப் பேருந்து டிரைவர். மகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இங்கே போன் எடுக்கும் வேலைக்கு வந்தார். வாடிக்கையாளர் கேட்கும் சந்தேகத்தை உள்ளே கொண்டுபோய்ச் சொல்லி, உள்ளேயிருந்து வரும் பதிலைத் திரும்பப் போனில் சொல்ல வேண்டும். இப்படிச் சுமந்து சுமந்து, உள்ளே போகாமலேயே பதில் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் உள்ளேயிருந்து தப்பான பதில் வந்தது. அப்போது முதலாளியின் கூட்டாளியாக இருந்தவர் சொன்ன பதில்.

"சார், அந்தக் கெடு தேதி போன வருஷமே மாறிடுச்சு" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"நீ போனை மட்டும் பாரும்மா" என்றாராம் கூட்டாளி.

அந்த வாரமே அக்கா தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டார். நாலு பேப்பர். நாலையும் முடித்தால்தான் ஊராருடைய வரிக் கணக்கில் சட்டப்படி கையெழுத்துப் போடும் உரிமை. பட்டம் இல்லாதவர்களும் பத்து வருஷம் அலுவலகத்தில் வேலை பார்த்திருந்தால் எழுதலாம். இந்த விதியைக் கேள்விப்பட்டபோதே எனக்குள் என்னவோ கசந்தது. பஸ் கட்டணத்துக்கு அப்பா ஆட்டை விற்று, மூன்று வருஷம் நான் படித்து வாங்கிய பட்டமும், பத்து வருஷம் போன் எடுத்ததும் ஒரே வாசலுக்கா கொண்டுபோய் விடும்?

போகட்டும், ஒரே வருஷத்தில் நாலையும் ஊதித் தள்ளிவிடுவேன் என்றிருந்தேன். ஊதினேன். தள்ளவில்லை. மூன்று பேப்பர் முடிக்க எனக்கு இரண்டரை வருஷம் ஆனது. நான் சேரும்போது ஒரு பேப்பர் முடித்திருந்த அக்கா, அதே காலத்தில் தானும் மூன்றாவதை முடித்துவிட்டார். அவர் தேறிய செய்தி வரும் ஒவ்வொரு தடவையும் எல்லோருக்கும் முன்னால் போய் வாழ்த்துச் சொன்னவன் நான்தான். வயிற்றெரிச்சல் உள்ளவன்தான் முதலில் கைகொடுப்பான். தாமதித்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் கூட்டாளி பிரிந்து தனியாக அலுவலகம் போட்டார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நான் ஒருத்தனே எத்தனை கையெழுத்துப் போடறது? வர்ற பரிட்சையில யார் நாலாவது பேப்பரை முடிக்கிறீங்களோ அவங்களுக்கு உள் அறை, கண்ணாடிக் கதவுல பேரு."

"ரெண்டு பேரும் முடிச்சா சார்?" என்றேன்.

கதவருகே ஃபைலோடு நின்ற மாமா விடவில்லை. "சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம் சார். அக்காகிட்ட எக்கச்சக்கமா இருக்கே."

"மார்க் பார்த்துக்குவோம்" என்றார் முதலாளி. "ரூம் ஒண்ணுதான்."

அன்று மாலையே அப்பாவுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் அவர் போனில் பேசியது பக்கத்து மேசைக்கே கேட்டது.

"டேய், நம்ம ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். என் பையன் கையெழுத்து இருந்தாத்தான் இனி கணக்கே செல்லும்னு."

"இன்னும் பரிட்சையே எழுதலப்பா."

"எழுதிருவ. கண்ணாடியில உன் பேருக்கு முன்னால என் பேரையும் போடச் சொல்லு, நாலு எழுத்தும் முழுசா."

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. என்னிடம் தனி அறை, மேசை, ஜன்னல், நிசப்தம் எல்லாம் இருந்தன. உட்கார்ந்தால் கொட்டாவிதான் வந்தது. அக்கா வீட்டில் ஒரே அறை. அதிலும் மகள் பொதுத்தேர்வுக்குப் படிக்கிறாள். இவர் எங்கேதான் படிக்கிறார் என்ற கேள்வி என்னை அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதில் கிடைத்தது.

மார்க்கெட் நிறுத்தத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. டிரைவருக்குப் பின்சீட்டில், மடியில் புத்தகத்தோடு அக்கா. ஏறி, பார்க்காதது மாதிரி பின்னால் போய் நின்றுகொண்டேன். சிக்னலில் வண்டி நின்றதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்:

"புள்ளைக்குச் சொத்து எழுதிவெச்சா யாருக்கு வரி?"

"அது ரெண்டாவது ட்ரிப்புலயே சொல்லிட்டேனே."

"எனக்கு மறந்துபோச்சு, திரும்பச் சொல்லு."

அக்கா சொன்னார். பச்சை விழுந்தது. முன்சீட்டுக் கிழவர் ஒருவர், "அப்போ என் மருமகன் என்னை ஏமாத்திட்டானாம்மா?" என்று கேட்க, அக்கா அவருக்கும் அடுத்த நிறுத்தம் வரை விளக்கினார். ஞாயிறுதோறும் எட்டு ட்ரிப்பும் இப்படித்தான் ஓடுமாம். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் டிரைவரே மனைவிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பாராம். கண்டக்டர் பெருமையாகச் சொன்னார். எனக்கு என்று கேள்வி கேட்க ஒரு பேருந்து வேண்டாம், ஒரு சைக்கிள் உண்டா? மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அக்காவின் ரகசியம் டிரைவர் அல்ல, அந்தப் புத்தகம்தான் என்று நடக்கும்போது முடிவுக்கு வந்தேன். தேர்வுக்கூடத்துக்குள் சட்டப் புத்தகம் கொண்டுபோகலாம். அடிக்கோடு போடலாம், ஓரத்தில் வெறும் சீட்டு ஒட்டலாம். ஒரு எழுத்துகூட எழுதியிருக்கக் கூடாது. ஆயிரத்து முந்நூறு பக்கம். தேடிப் பிடிக்கிற வேகத்தில்தான் மதிப்பெண் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு வழி. என் புத்தகம் கடையில் வாங்கியபடி மொழுமொழுவென்று இருந்தது. அக்காவுடையதில் மஞ்சள், பச்சை, சிவப்பு. சிவப்பு என்றால் முக்கியம். இதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்பதற்கு நாக்கு வரவில்லை. பட்டதாரி போய்ப் போன் எடுக்கிறவரிடம் பாடம் கேட்பதா?

மதியம் அக்கா வங்கிக்குப் போகிற நாட்களில் புத்தகம் மேசையிலேயே இருக்கும். மூன்று மதியம், ஃபைல் அறையில் அலமாரிக்குப் பின்னால் நின்று, அவர் புத்தகத்தையும் என் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகத் திறந்து, அறுபத்தொரு சிவப்புச் சீட்டையும் என்னுடையதில் ஒட்டினேன். அக்காவின் சீட்டு ஒன்று பாதி கிழிந்திருந்தது. அந்த இடத்தில் நானும் பாதிச் சீட்டுதான் ஒட்டினேன். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதை என் கையாலேயே செய்தேன். மஞ்சளையும் பச்சையையும் விட்டுவிட்டேன். உப்புச் சப்பில்லாததற்கு நேரம் ஏது?

மூன்றாம் நாள் மாமா எட்டிப் பார்த்தார்.

"என்ன பட்டதாரி, தோரணம் கட்டுற?"

"ஃபைல் தேடறேன் மாமா."

"தேடு, தேடு. ஒட்டினது உதிர்ந்திடாமப் பார்த்துக்க."

தேர்வு நாள் காலை. கூடத்து வாசலில் வரிசையாக மேசை போட்டுப் புத்தகங்களைப் புரட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், உள்ளே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. எனக்குப் பின்னால் அக்கா. என் புத்தகத்தைச் சோதனைக்காரர் மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். பக்கத்து மேசையில் அக்காவின் புத்தகம் நின்றது. ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், இரண்டிலும் சிவப்பு. ஒன்பதாவதாகப் பாதிச் சீட்டு, இதிலும் அதிலும்.

அக்கா இரண்டையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காது சுட்டது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

"தம்பி," என்றார் மெதுவாக. "வீடு விக்கிற பகுதியில சீட்டு ஒட்டலியா? இன்னும் நேரம் இருக்கு. என்கிட்ட வெறும் சீட்டு இருக்கு, தரவா?"

அவர் புத்தகத்திலேயே அந்தப் பகுதியில் ஒரு சீட்டும் இல்லை. என்னைத் திசை திருப்பப் பார்க்கிறார் என்றுதான் தோன்றியது. பொறாமைக்காரனுக்கு நல்லது சொன்னாலும் அதில் ஒரு கொக்கி தெரியும்.

"எனக்குத் தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பெரிய கேள்வி, நாற்பது மதிப்பெண்: ஒருவர் வீட்டை விற்கிறார், பாதியில் குடியிருந்தார், மாடியை வாடகைக்கு விட்டிருந்தார், வரி எவ்வளவு? என் கை தானாகச் சிவப்புச் சீட்டுக்குப் போனது. முதல் சிவப்பு, பண்ணைக் குத்தகை. இரண்டாவது, வெளிநாட்டு ஓய்வூதியம். மூன்றாவது, கூட்டு வியாபாரத்தில் ஒருவர் இறந்தால் என்ன என்பது. வீடு எங்கே? பக்கத்தைத் தள்ளினேன், தள்ளினேன். வியர்வையில் இரண்டு சீட்டு என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. இரண்டு வரிசை தள்ளி அக்கா, புத்தகத்தைத் திறக்கவேயில்லை. குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். வீடு விற்கும் பகுதியை நான் கண்டுபிடித்தபோது மணி அடிக்கப் பதினோரு நிமிடம் இருந்தது.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. அக்கா தேறிவிட்டார். நான் ஒன்பது மதிப்பெண்ணில் கோட்டைவிட்டேன். இந்த முறையும் முதல் ஆளாகக் கைகொடுக்கப் போனேன், கை வரவில்லை. மேசைக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டேன்.

"அக்கா, சிவப்புன்னா முக்கியம் இல்லையா?"

அவர் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிவைத்தார்.

"சிவப்புன்னா நான் மூணு தடவைக்கு மேல தப்பு விட்ட இடம் தம்பி. பச்சை ரெண்டு தடவை. மஞ்சள் ஒரு தடவை. தப்பே விடாத இடத்துக்கு எதுக்குச் சீட்டு? வீடு விக்கிறது பத்து வருஷத்துக்கு மேலா போன்ல கேக்குறாங்க, எனக்கு மனப்பாடம்."

அறுபத்தொரு இடத்தில் அவர் தடுக்கி விழுந்ததை, பூத்தொடுத்தது மாதிரி வரிசையாகச் சுமந்துகொண்டு நான் தேர்வெழுதப் போயிருக்கிறேன்.

"ஏன்க்கா அன்னிக்கே என்னைத் திட்டல?"

"பரிட்சைக்கு முன்னாடி யாராவது திட்டுவாங்களா? அப்புறம் திட்டலாம்னுதான் இருந்தேன். உன் மார்க்கைப் பார்த்தேன், விட்டுட்டேன்."

பின்னால் மாமாவின் குரல்: "மார்க்கே திட்டிடுச்சுன்னு சொல்லு."

அப்பாவிடம் அன்று சொன்னேன். "அப்ப யாரு போடப்போறா அந்தக் கையெழுத்தை?" என்றார். எங்க ஆபீஸ்ல போன் எடுக்கிற அக்கா என்றேன். "அந்தம்மா வீட்ல யாரு படிச்சவங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். "அப்ப நம்மள மாதிரிதான்" என்று போனை வைத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அப்பாமேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன். என்னைவிட அவருக்கு அக்காவைச் சீக்கிரம் புரிந்துவிட்டது என்பதும் ஒரு எரிச்சல்தான்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் தயாரித்த கணக்கோடு உள்ளே போகும்போதெல்லாம் அந்தப் பெயரின் மேல்தான் என் கை படுகிறது. போன வாரம் ஒரு கணக்கைத் திருப்பி அனுப்பினார். தப்பான வரியின் ஓரத்தில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை; வெறும் சிவப்புச் சீட்டு. அதை உரித்து என் புத்தகத்தில், அந்தச் சட்டப் பிரிவில் ஒட்டிக்கொண்டேன். பழைய அறுபத்தொன்றையும் பிய்த்தாகிவிட்டது. என்னுடையவை இதுவரை பதினேழு. அடுத்த மாதம் மறுபடி எழுதுகிறேன்.

அக்கா இப்போது உள் அறையில் இருக்கிறார். இந்த வருஷம் இதுவரை நானூற்றுச் சொச்சம் கணக்குகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முன்மேசைப் போன் அடித்து யாரும் எடுக்காவிட்டால், எழுந்து வந்து அவரே எடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவருக்குப் பின்சீட்டில் மகள் உட்கார்ந்து படிக்கிறாள். அக்கா வீட்டில் தூங்குகிறார்.