வாளி நிறையக் கிருமி

எங்கள் வீட்டில் அத்தைக்கு வெந்நீர் என்று பெயர். வைத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் அப்பா. ஸ்பூன், சீப்பு, சாவிக்கொத்து, ஒருமுறை அப்பாவின் மூக்குக்கண்ணாடி என்று அத்தை கையில் எது சிக்கினாலும் வெந்நீரில் ஒரு முழுக்குப் போடாமல் வெளியே வராது. அவளுடைய வேலையும் அதுதான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கி அனுப்பும் அறைக்கு அவள் பொறுப்பாளர். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ஒரு கதவு வழியே அழுக்காக உள்ளே வரும். இன்னொரு கதவு வழியே சுத்தமாக வெளியே போகும். ஓர் இடுக்கியின் பல்லில் பழுப்பாக ஏதோ தெரிகிறது என்று முழுத் தட்டையும் திருப்பி அனுப்பி, பெரிய டாக்டரையே காக்க வைத்தவள்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டில் கட்டில், திரைச்சீலை, தட்டு, டம்ளர் எல்லாம் அம்மா பார்த்து வாங்கியவை. ஹாலின் மூலையில் உள்ள கடல்நீர்த் தொட்டி மட்டும் அத்தை வாங்கியது. உள்ளே பாறைகள், ஒரு பாறைமேல் விரல் விரலாக அசையும் பச்சைப் பவளம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். வேலை முடிந்து வந்து அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள் என்றால், அப்புறம் கூப்பிட்டாலும் காதில் விழாது.

அவள் பொறுப்பாளரானபோது அந்த அறையில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து மேலும் மூன்று மீன்களைப் பரிசாகக் கொடுத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மீன்கள் கூடினால் கழிவு கூடும், கழிவிலிருந்து அமோனியா வரும், அமோனியா மீனைக் கொல்லும். அதைத் தின்று தீர்ப்பவை நல்ல பாக்டீரியாக்கள். பெரிய தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், தண்ணீர் வடிந்து வடிந்து மறுபடி மேலே ஏறுகிற ஒரு சின்னத் தொட்டி உண்டு. அதில் கிடக்கும் பஞ்சு மாதிரித் துளை விழுந்த செராமிக் கற்கள்தான் அவற்றுக்கு வீடு. மீன் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் கற்களைக் கொடுத்து, பழையவற்றுக்குப் பக்கத்தில் போடச் சொன்னார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை அத்தை தானே செய்தாள். புதிய கற்களையும் பழைய கற்களையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு அடுப்பில் வைத்தாள்.

"கல்லையுமா வேகவைக்கிற?" அம்மா எட்டிப் பார்த்தாள். "வெந்துச்சான்னு எப்படிப் பார்ப்ப, நசுக்கியா?"

"புதுசு எந்தெந்தக் கைபட்டு வந்துச்சோ, அண்ணி. பழசு ஒரே வழவழன்னு அழுக்கு. ரெண்டுக்கும் சேர்த்து நாலு விசில்."

கற்களைத் திரும்ப உள்ளே வைத்த பிறகு தொட்டித் தண்ணீர் பால் மாதிரி ஆனது. பவளம் விரல்களை உள்ளிழுத்துக்கொண்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பரிசாக வந்த மூன்றில் ஒன்று செத்துப்போனது. அத்தை கடைக்காரருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"கல்லை எதுல கழுவினீங்க அக்கா?"

"கழுவலை. குக்கர்ல வச்சேன்."

"அக்கா, அந்தத் தண்ணியைக் காப்பாத்திக்கிட்டு இருந்த மொத்தக் குடும்பத்தையும் அவிச்சுட்டீங்களே!"

அப்பா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அந்த மீன்கள்மேல் இரக்கமும் உண்டு, அந்த மூலைமேல் ஆசையும் உண்டு.

"வாயில்லா ஜீவன். இன்னொண்ணு செத்துச்சுன்னா தொட்டி கடைக்குத் திரும்பிப் போயிடும், சொல்லிட்டேன். அங்க நான் சோபா போட்டுக்குறேன்."

"அது என் மூலை, அண்ணி."

அத்தை வாயில் 'என்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மாவும் அதைக் கவனித்தாள். ஆனாலும் விடவில்லை. "சரி, உன் மூலையில சாவு விழாம பாத்துக்கோ."

தினமும் கொஞ்சம் தண்ணீரை மாற்றி மீன்களுக்கு மூச்சு வாங்கிக் கொடுத்தாள் அத்தை. அது ஒட்டுப்போடும் வேலை என்று அவளுக்கே தெரியும். தேவைப்பட்டது கிருமி. ஆரோக்கியமான ஒரு தொட்டியிலிருந்து, ஊறிப்போன பழைய கற்கள் கிடைத்தால் நல்லது என்றார் கடைக்காரர். தன் கடை மீன்களுக்கு நோய் என்பதால் தன்னிடம் வாங்க வேண்டாம் என்றும் அவரே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசல் கூடத்தில் ஒரு பெரிய கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதைப் பராமரிக்க வருகிறவரிடம் அத்தை போய் நின்றாள். அன்று நானும் கூட இருந்தேன்.

"எப்படிப்பட்ட கல்லு வேணும் மேடம்?"

"உள்ளதுலயே அழுக்கானதா குடுங்க."

அவர் அத்தையின் முகத்தைப் பார்த்தார், அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு பழுப்பு வழியும் கற்களை இரண்டு கையாலும் அள்ளி, உப்புத் தண்ணீரோடு எங்கள் வாளியில் போட்டார். அத்தையின் அறைப் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மேடம், இது நம்ம பக்கம் வரலாமா?"

"வரவே கூடாது. நான் கட்டடத்தைச் சுத்தி வெளியில போறேன்."

பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா அது?"

"கிருமி," என்றாள் அத்தை. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு.

அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். மீதி வழி முழுக்க எங்களுக்கு வசதியான இடம்.

வீட்டில் அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! கடைக்காரரிடமிருந்து வாங்கிவந்த வேறு புதிய கற்களின் தூசியைத் தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரிலேயே அலசினாள். குளோரினுக்குப் பயந்து குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. குப்பையைப் பிடிக்கும் பஞ்சைத் தாண்டித் தண்ணீர் வரும் இடத்தில் அழுக்குக் கற்களை வைத்து, அவற்றை ஒட்டினாற்போலப் புதியவற்றை அடுக்கினாள். பிறகு அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

கஷ்டமான வேலை அதற்கப்புறம்தான்: சும்மா இருப்பது. கற்களில் பழுப்பு ஏறியது. கண்ணாடியில் பாசி மெல்லப் படர்ந்தது. அத்தை கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "ஒரு துணி தரட்டுமா?" என்று அப்பா சீண்டினார். "அண்ணே, என்னை வம்புக்கு இழுக்காதே. நானே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

மாலையானால் சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விடுவாள். பச்சை என்றால் அமோனியா. மஞ்சள் என்றால் இல்லை. கரும்பச்சை, பச்சை, இளம்பச்சை. மீன்கள் நான்கும் உயிரோடிருந்தன. அப்புறம் மறுபடி பச்சை கூடியது. அன்று அவள் சாப்பிடவில்லை.

ஒரு மாலை குழாயைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"அண்ணி, நீங்க பாருங்க. எனக்கு ஆசை இருக்கு, என் கண்ணு பொய் சொல்லும்."

அம்மா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெள்ளைத்தாளின் மேல் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். "பச்சைன்னு சொல்லத்தான் எனக்கும் ஆசை," என்றாள். "ஆனா மஞ்சள்."

அத்தை அதோடு விடவில்லை. குறைத்து வைத்திருந்த தீனியை முழு அளவுக்கு ஏற்றினாள். மறுநாளும் மஞ்சள். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினாள். அப்போதும் மஞ்சள். சுருண்டு கிடந்த பவளம் ஒவ்வொரு விரலாக நீட்டி, முன்பு இருந்ததைவிடப் பெரிதாக விரிந்தது. அத்தை போட்ட கூச்சலில் மாடிவீட்டார் ஜன்னலைத் திறந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "ஒண்ணும் ஆகலைங்க," என்று கீழேயிருந்து கத்தினாள், "எல்லாம் உயிரோட இருக்கு!" ஆஸ்பத்திரியில், தான் கோடிக்கணக்கில் கிருமி வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். பெரிய டாக்டர் ஒரு தடவை வந்து, "நம்ம கருவி எதையும் அந்தப் பக்கம் காட்டலையே?" என்று உறுதி செய்துகொண்டு போனாராம்.

சோபா கடை ஆளை அம்மா ஏற்கெனவே வரச் சொல்லியிருந்தாள். அவர் டேப்போடு வந்து நேராக மூலைக்குப் போனார்.

"அங்க இல்லைங்க," என்றாள் அம்மா. "இந்தச் சுவருக்கு அளங்க. அந்த மூலை எங்க நாத்தனாரோடது."

"தொட்டிக்குப் பக்கத்துல நல்லா இடம் இருக்கே. இங்க வேற ஒண்ணும் வராதா?" என்றார் அவர்.

"வரும்," என்றாள் அத்தை, ஸ்டூலிலிருந்து எழாமலே. "இதைவிடப் பெரிய தொட்டி வரும்."

"ஏய் வெந்நீர்!" என்று கத்தினாள் அம்மா. ஆனால் சோபா ஆள் டேப்பை எதிர்ச் சுவரில் வைத்து, நீளம் எவ்வளவு என்று கேட்டபோது, "கொஞ்சம் சின்னதாவே போடுங்க," என்றாள்.