கையை விரித்து நின்றேன்

இன்று ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு முதல் நாள் வேலை.

தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று வாசல் கேட்டில் ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆண்களை வாட்ச்மேன் அண்ணன் சோதிப்பார், பெண்களைச் செல்வி அக்கா. நான் திருநங்கை. பெண்கள் வரிசையில் கையை விரித்து நின்றேன்.

அக்கா பின்வாங்கினார். "அண்ணே, இவுகள நீங்க பாருங்க."

"ஆதார்லயே பொம்பளைன்னு போட்டிருக்கும்மா. நான் எப்படித் தொடுறது?"

"அட்டையில போட்டா ஆச்சா? பொறந்த ஒடம்பு ஆம்பள ஒடம்புல்ல?"

எனக்குப் பின்னால் நின்ற பெண், "மனசு பொம்பளைன்னா பொம்பளைதான்க்கா" என்றாள்.

"அப்ப நீயே வந்து சோதிச்சுப் பாரு" என்றார் அக்கா. அவள் தலை குனிந்துகொண்டாள்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விரித்த கை வலித்ததுதான் மிச்சம்.

"சீசன் நேரத்துல என்ன பேச்சு? உள்ள விடுங்க" என்றார் சூப்பர்வைசர். சோதிக்காமலே விட்டுவிட்டார்கள்.

வேலைக்கு உட்காரும்போதுதான் உறைத்தது. பதற்றத்தில் செல்போனை இடுப்பிலேயே மறந்திருக்கிறேன். பக்கத்து அறை முழுக்க வெடிமருந்து. எழுந்து கேட்டுக்கு ஓடினேன்.

"ஆத்தாடி!" என்று நெஞ்சில் கைவைத்தார் அக்கா. நான் நீட்டிய போனை வாங்கவில்லை. "அங்கன ஸ்டூல்ல வைங்க."

நான் ஆணா பெண்ணா என்று இந்தப் பதிவின் கமெண்ட்டில் நீங்களும் விவாதியுங்கள். முடிவு தெரியும்வரை தினமும் காலையில் என்னை நானே சோதித்துக்கொண்டு உள்ளே போகிறேன்.