வெட்டக் கூடாத பெயர்

பன்னிரண்டு வருஷமாக, கப்பலுக்கு ஆள் பிடிக்கும் அந்த ஏஜென்டைத் தெருவில் கண்டால் வெற்றிலைச் சாற்றை அவன் செருப்போரம் துப்புகிறேன். எனக்கு அவன் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்துக் குடை டோ ஞோ ஷேன் அக்காவுக்குச் செய்தான், அதுவும் என் கையை வைத்தே.

ரங்கூன் கோர்ட் நடைபாதையில் ஆளுக்கொரு குடை விரித்துத் தொழில்: அக்கா தட்டச்சுக்காரி, நான் ரப்பர் முத்திரை வெட்டுகிறவன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படம் மாதிரி, பார்த்து வெட்டுவேன்.

அக்கா மௌல்மீன்காரி, மோன் ஜாதி. கன்னியர் பள்ளியில் பர்மிய மொழி பேசினால் பிரம்படி. உத்தியோகத்துக்கு வந்தபோது சர்க்கார் மாறி, கோப்பில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருந்தாலும் ஆபீஸர் தாளை மூஞ்சியில் எறிவாராம். கடைசியில், இங்கிலீஷ் எழுதித் தாங்க என்று ஊரே அவள் குடைக்கு வந்து நின்றது.

"பர்மாக்காரனுக்கு எழுத்து கொடுத்ததே நாங்க மோன்காரங்கதான்டா தம்பி. அடி வாங்கினதும் நாங்கதான்" என்று விசையைக் குத்துவாள்.

மாலுமிகளின் இங்கிலீஷ் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். எங்களில் அப்பனுக்கு ஒரு பெயர், மகனுக்கு ஒரு பெயர், பெண்டாட்டிக்கு வேறொன்று. குடும்பப் பெயருக்கு எங்கே போவது? அக்கா அந்தக் கட்டத்தில் கோடு போட்டு, 'இவர்களுக்கு அது கிடையாது' என்று கீழே தட்டி, தன் முத்திரையைக் குத்துவாள்.

ஒருநாள் ஏஜென்ட் வந்து குதித்தான். "கோடு போட்டா கம்பெனி திருப்பி அனுப்புது. அப்பன் பேரைப் போடுங்க!"

"அப்பன் பேரா? உன் அப்பனா வந்து கப்பல் ஏறப் போறான்? போடா!"

மறுநாள் அவள் மௌல்மீன் போயிருந்தாள். ஏஜென்ட் என்னிடம் வந்தான். "அக்கா முத்திரை தேஞ்சுபோச்சாம். புதுசு வெட்டச் சொன்னாங்க." அவள் முத்திரை குத்திய தாள் ஒன்றை நீட்டினான். வெட்டிக் கொடுத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மா வின் ஷ்வே என்ற பெண் அழுதுகொண்டு வந்தாள். கப்பலுக்குப் போன அவள் புருஷன் 'தான் நைங் சோ' அயல் துறைமுகத்தில் செத்துவிட்டான். கப்பல் படிவத்தில் அவன் பெயருக்குப் பின்னால் அப்பன் பெயர் ஒட்டியிருந்தது. குடும்பத்தார் பெயரைச் சர்க்கார் பதிந்து தரும் வீட்டு அட்டையில் அது இல்லை. இவன் வேறு ஆள் என்று உடலைத் தர மறுத்துவிட்டார்கள். ஏழாம் நாள் அன்னதானம் உடலைப் பார்க்காமலே நடந்தது.

"உங்க முத்திரைதானே இது?" என்று அந்தப் படிவத்தைக் காட்டினாள்.

அக்கா பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்தின் கால் ஓரத்தில் என் கத்தி எப்போதும் விடும் சிறு வெட்டு இருந்தது.

"இது என்னோடது இல்ல. யார் வெட்டினது?"

"நான்தான்க்கா."

அறைவாள் என்று நினைத்தேன். அவள் புதுத் தாள் ஒன்றைத் தட்டச்சில் ஏற்றினாள். "உட்காரு பொண்ணே, அட்டையைக் கொடு" என்றாள். மூன்று வாரம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். ஒரு குமாஸ்தா, "உங்க ஆளுங்களுக்கு ஒழுங்கா பேர்கூட வைக்கத் தெரியாதா?" என்றானாம். நம்ம ஊர்க்காரன்தான், பர்மிய மொழியிலேயே கேட்டானாம். அதற்குள் உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். சாம்பல் வந்தது. பெட்டிமேல் ஒட்டிய சீட்டில் அப்பன் பெயரோடேதான் வந்தது. மா வின் ஷ்வே நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்தப் பாதியைக் கிழித்தாள்.

ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழி அக்காமேல் நின்றது. மாலுமிகள் வேறு குடைக்குப் போனார்கள். நான்தான் வெட்டினேன் என்று கோர்ட்டில் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லு. உன்னை உள்ள தள்ளுவாங்க, ஏஜென்ட் டீ குடிப்பான். வாயை மூடு."

அதன்பின் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு நெஞ்சு நோய் வந்து படுத்தாள். மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா வாங்கிப் போனேன். தொடவில்லை. தலையணைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மேலே பர்மிய எழுத்து, நடுவில் மோன், கீழே இங்கிலீஷ்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"'இது ஒரே பேர். வெட்டாதே, ஒட்டாதே.' மூணும் அதேதான். படிவத்தில குத்த ஒரு முத்திரையா வெட்டு. எனக்குப் பதிலா அந்தக் குடை கீழ எவ வந்து உட்கார்ந்தாலும் அவ கையில கொடு. ஏஜென்ட் வந்து கேட்டா..."

இருமல் நிற்கக் காத்திருந்தேன்.

"கொடுக்காதே. இந்தத் தடவையாவது என்னைக் கேளு."