கப்பலை விட்ட தாத்தா

ஈடித் குவாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனாலும் வருடக்கணக்காக ஒரே பொய்யை ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல்.

வட கலிஃபோர்னியாவில் தங்கம் தீர்ந்ததும் ஆள் கலைந்துபோன ஊர் அது. மாநில அரசு அதை வரலாற்றுப் பூங்காவாக்கி வேலி போட்டது. வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையைச் சம்பளமில்லாமல் ஈடித் பார்த்தாள். சீனர்களின் கோவிலையும் பழைய மளிகைக் கடையையும் காட்டிவிட்டுக் கடைசியாகச் சீனர் மேட்டுக்குக் கூட்டிப்போவாள். மேடு முழுக்கப் பள்ளங்கள். அந்தக் காலத்தில் தங்கம் தோண்ட வந்து இங்கே செத்த சீனர்களைச் சில வருடம் புதைத்து வைப்பார்கள். பிறகு சீனர் சங்கத்து ஆட்கள் வந்து தோண்டி, எலும்பைக் கழுவி, ஒன்று விடாமல் எண்ணி, பெட்டியில் போட்டுச் சீனாவுக்குக் கப்பலேற்றுவார்கள்; குழியை மூடமாட்டார்கள். அப்பனை அனுப்பாத பிள்ளையைப் பிள்ளை என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

"இவங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. அதோ, மண்ணு மூடியிருக்கே, அது எங்க தாத்தா. கப்பலை விட்டுட்டாரு," என்பாள். கூட்டம் சிரிக்கும்.

அவளுடைய அப்பா அதற்குச் சிரித்ததில்லை. தாத்தா இறந்தபோது அவர் மீசை முளைக்காத பையன். பிழைப்புக்காகப் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போனார். எலும்பை அனுப்பக் கையில் நாலு காசு சேர்வதற்குள் சீனாவில் சண்டை மூண்டு கப்பல் நின்றுபோனது. அதன்பிறகு அவர் மேடு ஏறவேயில்லை. வசந்தத்தில் மனைவியும் மகளும் சுட்ட பன்றிக்கறி எடுத்துக்கொண்டு படைக்கப் போனால், அவர் கீழே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். "எங்கப்பாவை விட்டுட்டேன்" என்று சொல்லித்தான் செத்தார்.

போன குளிர்கால மழையில் மேட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. தாத்தாவின் கல்லறையை இடம் மாற்ற வேண்டும் என்றார்கள் பூங்காக்காரர்கள். ஈடித் சம்மதித்தாள். தோண்ட வந்தவர் பூங்காவின் தொல்லியலாளர் டேல் ருயிஸ்.

"பார்த்துத் தோண்டுப்பா. ரொம்பக் கோவக்கார மனுஷனாம்."

"மெதுவாத்தான் எடுக்கறேன். நீங்க போய் நிழல்ல உட்காருங்க."

மதியம் அவரே கூப்பிட்டார். குழியில் ஆள் இல்லை.

"இது ஏற்கெனவே தோண்டின மண்ணு, ஈடித். சண்டைக்கு முன்னாடியே சங்கத்து ஆளுங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க. மாடு விழுந்துடும்னு பின்னால யாரோ மூடியிருக்காங்க. இதை மட்டும் விட்டுட்டாங்க."

அவர் உள்ளங்கையில் ஒரு கால்விரல் எலும்பு, கொண்டைக்கடலை அளவில்.

"எண்ணத் தெரியாத பசங்க," என்றாள் ஈடித். "ஊர் வரைக்கும் நொண்டிக்கிட்டே போயிருப்பாரு கிழவர்."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். டேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

நேரே அப்பாவைப் புதைத்திருந்த நகரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். பக்கத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அப்பாவைத் திட்டினாள்.

"யாருக்குப்பா பயந்து கீழேயே உட்கார்ந்திருந்தே? அவரு எப்பவோ கிளம்பிப் போயிட்டாருப்பா!"